மெத்தையை அளக்கும் முன் அச்சை அளந்துவிடுங்கள்: சின்ன டிரெய்லர் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் குட்டி படுக்கை டிரெய்லரை வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் 1930களில் தொடங்கியது. பக்கவாட்டில் பார்த்தால் கண்ணீர்த்துளி போலிருப்பதால் டியர்டிராப் என்று அழைக்கிறார்கள். உள்ளே ஒரு மெத்தை. பின்கதவைத் தூக்கினால் நின்றபடி சமைக்க ஒரு அடுப்படி. அவ்வளவுதான். ரம்பமும் டிரில்லும் கையாளத் தெரிந்தவர்கள் சில மாத வாரயிறுதிகளில் கட்டிவிடலாம். பலர் கட்டியும் இருக்கிறார்கள்.

ஆனால் வரைபடம் போடும்போதே நிறைய பேர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். மெத்தை எவ்வளவு நீளம், அடுப்பு எங்கே, ஜன்னல் எத்தனை என்று எல்லாம் முடிவான பிறகுதான் அச்சும் சக்கரமும் நினைவுக்கு வருகின்றன. ஜன்னல் பிடிக்கவில்லை என்றால் பிறகு மாற்றலாம். அலமாரியைப் பிய்த்துப் போடலாம். அச்சு உட்கார்ந்த இடம் தப்பென்றால், வெல்டிங்கை அறுத்து மறுபடி வைப்பதைத் தவிர வேறு நல்ல வழி கிடையாது.

இரண்டு சக்கர மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றியவர்களுக்கு இது புரியும். பின்பாரம் கூடினால் நுகத்தடி எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும், முன்பாரம் கூடினால் மாடு திணறும். டிரெய்லரிலும் அதே கணக்குதான், வேகம் மட்டும் மணிக்கு 100 கிலோமீட்டர். பின்பாரமான டிரெய்லர் ஓரளவு வேகம் வரை சாதுவாகத் தொடர்ந்து வரும். அதைத் தாண்டியதும் ஒரு பக்கக்காற்றோ, உரசினாற்போல் கடந்துபோகும் லாரியோ போதும். வால் ஆடத் தொடங்கி, ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போய், காரையும் இழுத்துப் புரட்டிவிடும். ஓட்டுபவரின் திறமை அங்கே அதிகம் எடுபடாது. ஆட ஆரம்பித்தால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். வேகத்தைக் கூட்டி நேராக்கப் பார்ப்பதும், பதறிப்போய் ஸ்டீயரிங்கை ஒடிப்பதும் நிலைமையை மோசமாக்கும்.

அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு இது: மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் ஹிட்ச் (டிரெய்லரைக் காரோடு மாட்டும் இணைப்பு) மீது இறங்க வேண்டும். 600 கிலோ டிரெய்லர் என்றால் 60 முதல் 90 கிலோ. ஹிட்சிலிருந்து அச்சு 10 அடி தூரத்தில் இருந்தால், எடையின் மையம் அச்சுக்கு முன்னால் 12 முதல் 18 அங்குலத்துக்குள் வந்தாக வேண்டும். இங்கேதான் டியர்டிராப்பின் வில்லங்கம் இருக்கிறது. அடுப்படி பின்பக்கம், அடுப்பு, தண்ணீர், ஐஸ் பெட்டி, பாத்திரம் எல்லாம் அச்சுக்குப் பின்னால். அச்சிலிருந்து 4 அடி பின்னால் 40 கிலோ வைத்தால் முன்பாரத்தில் 16 கிலோ குறைந்துவிடும். காலியாக நிறுத்தி அளந்தபோது சரியாக இருந்த வண்டி, சாமான் ஏற்றியதும் வேறு வண்டி.

அதனால் ரம்பத்தை எடுக்கும் முன் ஒரு தாளில் ஒவ்வொரு பொருளின் எடையையும் ஹிட்சிலிருந்து அதன் தூரத்தையும் எழுதிப் பெருக்கிக் கூட்டுங்கள். அதை மொத்த எடையால் வகுத்தால் மையம் எங்கே என்று தெரிந்துவிடும். பெட்டியின் நீளத்தில் முன்னாலிருந்து 60 சதவீதத்தில் அச்சை வை என்ற பழைய விதி தொடக்கத்துக்கு உதவும். அதை மட்டுமே நம்பக்கூடாது. பேட்டரியை முன்னால் ஹிட்ச் பக்கம் வைப்பது நல்ல யோசனை. கட்டி முடித்து, சாமானெல்லாம் ஏற்றிய பிறகு, டிரெய்லரின் மூக்கை ஹிட்ச் உயரத்தில் குளியலறைத் தராசின் மேல் தாங்க வைத்துப் பாருங்கள். ஹிட்ச் மீது இறங்கும் எடைக்கு ஐரோப்பிய கேரவன்காரர்கள் 10 முதல் 15 சதவீதத்தைவிடக் குறைவாகச் சொல்வார்கள். அங்கே வேக வரம்பும் வண்டி அமைப்பும் வேறு, அந்தக் கணக்கை இந்த அமெரிக்கக் கணக்கோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மொத்த எடையிலும் ஏமாந்துபோவது சுலபம். முக்கால் அங்குல பிளைவுட் முழுத் தகடு ஒன்றே 27 கிலோவுக்கு மேல் வரும். கால் அங்குலத் தகட்டை நுரைப் பலகையோடு சேர்த்து ஒட்டினால் போதுமான இடத்திலும், பயத்தில் முக்கால் அங்குலம் போடுகிறார்கள். பயந்து கட்டுவதுதான் டிரெய்லரைக் கனமாக்குகிறது என்று நான் நினைக்கிறேன். உங்கள் காரின் கையேட்டில் இழுக்கும் வரம்பும் ஹிட்ச் மீது தாங்கும் வரம்பும் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் பாருங்கள். சில சின்ன கார்களுக்கு இழுக்கவே அனுமதி இருக்காது.

4 அடிக்கு 8 அடி டிரெய்லர் அடிச்சட்டம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள், இருவர் தோள் அகலத்தை மறந்துவிடுகிறார்கள். சுவர் கனம் போக உள்ளே 4 அடிகூட மிஞ்சாது. சாதாரண குயின் மெத்தையே 5 அடி அகலம். 5 அடிச் சட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதல் செலவு செய்தால் வீட்டில் சண்டை குறையும்.

அடுத்த எதிரி தண்ணீர். கட்டியவர்களிடம் எது முதலில் கெட்டது என்று கேட்டால் பலர் கூரை ஓரத்தையும் பின்கதவையும்தான் காட்டுவார்கள். பிளைவுட்டின் முகத்தில் மழை பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, வெட்டிய விளிம்புதான் தண்ணீரைக் குடிக்கும். ஒவ்வொரு விளிம்புக்கும் எபாக்ஸி (கலந்து பூசினால் இறுகிவிடும் பிசின்) பூசுங்கள். திருகு போகும் துளைகளை முதலில் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸி நிரப்பி, காய்ந்ததும் நடுவில் மறுபடி துளையுங்கள். அலுப்பான வேலைதான். செய்யாமல் விட்டால் மூன்றாவது மழைக்காலத்தில் சுவர் பிஸ்கட் ஆகிவிடும்.

ஓரப் பட்டைகளுக்கு அடியில் சிலிக்கான் போடாதீர்கள். அது விட்டுப்போன இடத்தில் பெயின்ட்டும் ஒட்டாது, புதிய சிலிக்கானும் சரியாகப் பிடிக்காது. பியூட்டில் டேப் என்ற ரப்பர் ஒட்டுப்பட்டை நல்லது. வருடக்கணக்கில் இளக்கமாகவே இருக்கும், பிரித்து மறுபடி ஒட்டலாம். கூரை அலுமினியத் தகட்டை முழுப் பரப்புக்கும் பசை தடவி இறுக்கமாக ஒட்டுவதும் தவறு. 3 மீட்டர் தகடு 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும், போக இடமில்லாமல் புடைத்துக்கொள்ளும். அலுமினியத்தோடு செம்புச் சத்து ஏற்றிய பதப்படுத்திய மரத்தை ஒட்டி வைத்தால், ஈரம் பட்டதும் உலோகம் அரிக்கும்.

வெளி மழையைத் தடுத்துவிட்டு உள் மழையை மறப்பவர்களும் உண்டு. மூடிய பெட்டிக்குள் இருவர் மூச்சு விட்டால் விடியும்போது கூரை வியர்த்திருக்கும், மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். கூரையில் ஒரு விசிறித் துளை மட்டும் போதாது. காற்று உள்ளே வர கீழேயும் வழி வேண்டும். மெத்தைக்கு அடியில் இடைவெளி விட்ட பலகைச் சட்டம் வையுங்கள். குளிருக்காகக் கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ தூங்கும் அறைக்குள் பற்றவைப்பதைத் தவறு என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை இல்லை. எச்சரிக்கைக் கருவி இல்லாமல் உள்ளே படுக்காதீர்கள். அடுப்பு கேஸான புரொபேன் காற்றைவிடக் கனமானது, சிலிண்டர் பெட்டியில் கேஸ் வெளியேறும் துளை அடியில் இருக்க வேண்டும். கதவு இரண்டு வையுங்கள்.

வயரிங்கில் இரண்டு விஷயம். 12 வோல்ட்டில் கம்பியின் கனம் முக்கியம்: 5 மீட்டர் தள்ளியிருக்கும் குளிர்பெட்டி 10 ஆம்பியர் இழுத்தால், 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் போகவர ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் கால் வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் இழப்பு. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். அப்புறம் காரிலிருந்து டிரெய்லர் விளக்குகளுக்கு வரும் வெள்ளை எர்த் வயர்: ஹிட்ச் குண்டு வழியாகவே மின்சாரம் திரும்பிவிடும் என்று அதை இணைக்காமல் விட்டால், பிரேக் விளக்கு மினுக்கி மினுக்கி எரியும்.

அமெரிக்காவில் பதிவு விதிகள் ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு. பல இடங்களில் பொருள் வாங்கிய ரசீதுகளைக் கேட்பார்கள், முதல் நாளிலிருந்தே ஒரு உறையில் போட்டு வையுங்கள். கராஜ் கதவின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். உள்ளே கட்டி வெளியே எடுக்க முடியாமல் டயர் காற்றை இறக்கியவர்கள் கதை நிறைய உண்டு.

முதல் ஓட்டத்துக்கு மலைப்பாதைக்குப் போக வேண்டாம். பக்கத்து ஊர் வரை போய் நிறுத்தி, சக்கர நட்டுகளை மறுபடி முடுக்குங்கள், 50 முதல் 100 மைலுக்குள் இன்னொரு முறை. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் கொதித்தால் பேரிங்கை அதிகம் இறுக்கியிருப்பீர்கள், அல்லது கிரீஸ் போதவில்லை. சரிசெய்யாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.