தொப்பூர் இறக்கத்துக்கு முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள்

தருமபுரியிலிருந்து சேலம் செல்வோர் தொப்பூர் கணவாயின் நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால், சக்கரத்தில் எழும் வெப்பம் பிரேக் ஆயிலையும் சூடாக்கிவிடுகிறது. காற்றிலுள்ள ஈரத்தை அந்த ஆயில் மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் என்பதுதான் சிக்கல். டாட் 4 என்ற தரவகையைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அது 155 டிகிரி வரை இறங்கலாம். கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ்கள் உண்டாகி, பெடல் பஞ்சுபோல் அமுங்கும். என் பழைய காரில் அதைக் காலால் உணர்ந்த நாளிலிருந்து, இரண்டு ஆண்டுக்கொரு முறை நானே ஆயிலை மாற்றுகிறேன்.

மேல்தொட்டியில் மட்டும் புதிதாக ஊற்றினால் போதாது. சக்கரத்திலுள்ள பிளீடர் நிப்பிளில் (ஆயிலை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) ஒளிபுகும் குழாயைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டு, வீட்டில் ஒருவரைப் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நிப்பிளைத் திறந்து, ஆயில் வெளியேறியதும் மூடிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். தேநீர் நிறத்தில் வந்த ஆயில் தெளிந்த மஞ்சளாக மாறி, குமிழ்கள் நிற்கும்வரை இதைத் தொடருங்கள். இடையில் தொட்டி வறண்டு காற்று உள்ளே புகுந்துவிட்டால், குறிப்பாக ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில், அதை வீட்டிலேயே சரிசெய்ய முயலாமல் பட்டறையை நாடுவதே நல்லது. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும்; கையேட்டைப் பாருங்கள். ஆயில் பெயின்ட்டில் சிந்தினால், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.