வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

கோவைப் பக்கம் ஏழு மலை ஏறி வெள்ளியங்கிரி ஆண்டவரைக் கும்பிடப் போகும் பாதை பிப்ரவரியில் திறந்தால் மே கடைசி வரைக்கும் சனிக்கிழமை ராத்திரிகளில் பூண்டி அடிவாரம் தூங்குவதில்லை. ஷிப்ட் முடித்துக் கிளம்பி வரும் திருப்பூர் பனியன் கம்பெனிப் பையன்கள், சரவணம்பட்டி ஐடி ஆட்கள், தாராபுரம் பக்கமிருந்து வேன் பிடித்து வரும் குடும்பங்கள். எங்கள் செட் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்தை இவர்களும் அச்சுப் பிசகாமல் அடிப்பதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தண்ணீர் எடு, டார்ச் எடு என்று எல்லாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

முதல் மலையில் ஓட்டம்

ஏழில் பலரைக் கவிழ்ப்பது முதல் மலைதான். செங்குத்தான படிகள், மரங்களுக்குள் காற்றே வராது. புதுசாக வருகிறவர்கள் அதில்தான் பந்தயம் வைப்பார்கள். பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் எதுவோ அதுதான் உங்கள் வேகம்.

“நீ இங்கயே உக்காரு, போயிட்டு வந்தர்றோம்”

இதைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஏழெட்டுப் பேராக ஏறுவார்கள். நாலாவது மலை தாண்டுவதற்குள் ஒருத்தனுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். கொஞ்ச நேரம் நீவி விடுவார்கள். அப்புறம் மேலே சொன்ன வசனத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அப்படி விடப்பட்ட ஒரு பையனை ஐந்தாவது மலையில் விடியற்காலையில் பார்த்தோம். ஒற்றை டீ-சர்ட், அதுவும் வியர்வையில் தொப்பல். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“ஏங்கண்ணு, தனியா உக்காந்திருக்கே?”

“ஃப்ரெண்ட்ஸெல்லாம் மேல போயிருக்காங்கண்ணா. இங்கயே இருக்கச் சொன்னாங்க.”

தண்ணீர் இருந்த பை மேலே போய்விட்டது. டார்ச்சும் அதோடு போய்விட்டது. போனில் சார்ஜ் இல்லை. காய்ந்த சட்டை ஒன்றைப் போட்டுவிட்டு, துண்டால் காதைக் கட்டி, பையனை மெதுவாக அடிவாரத்துக்குக் கூட்டி வந்தோம். மேலே எதிரில் வந்த ஆட்களிடம் சொல்லிவிட்டும் சேதி போய்ச் சேரவில்லை. கூட்டாளிகள் வழியெல்லாம் தேடிக்கொண்டு உச்சி வெயிலில் இறங்கி வந்தார்கள். ஆண்டி சுனையில் குளித்த கதையை அதற்கு நடுவிலும் ஒருத்தன் சொல்கிறான்!

இது எதற்கு ஆபத்து என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிர் கூடும். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் வித்தியாசம் அதற்கும் மேல். மேல் மலைகளில் மரம் குறைந்து புல்வெளி வருவதால் காற்றுக்கு மறைப்பும் கிடையாது. நடக்கும் வரை உடம்பே சூடு கொடுக்கும். ஈரப் பருத்திச் சட்டையோடு உட்கார்ந்துவிட்டால் காற்று அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். ஊரில் சித்திரை வெயில் கொளுத்துகிறதே என்று ஸ்வெட்டரை வண்டியிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் பாதிப் பேர்.

அதைவிட மோசமானது நெஞ்சு சமாச்சாரம். இந்த மலையில் மாரடைப்பால் ஆட்கள் இறந்த செய்தி சீசனுக்குச் சீசன் வருகிறது. அதில் சின்ன வயசுக்காரர்களும் உண்டு. நெஞ்சை அழுத்துவது, தோளும் கையும் வலிப்பது, குளிர்ந்த வியர்வை எல்லாம் முதலில் வெறும் களைப்பு மாதிரிதான் தெரியும். தனியாக விடப்பட்டவனுக்கு அது வந்தால் யார் பார்ப்பது? மேலிருந்து டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். அதற்கு மணிக்கணக்காகும்.

ஆகவே நடக்க முடியாதவன் திரும்பினால் கூட ஒருத்தன் திரும்ப வேண்டும். டார்ச்சோடும் தண்ணீரோடும். “நேர்ந்துக்கிட்டு வந்திருக்கோம்ணா, சாமி பாக்காம எப்புடி எறங்கறது?” என்பார்கள். ஆண்டவர் எங்கேயும் போய்விட மாட்டார். பாதை அடுத்த வாரமும் திறந்துதான் இருக்கும்.

சுனையை நம்பிப் போவது

பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை எல்லாம் மாசியில் இருக்கிற மாதிரி சித்திரையில் இருக்காது.

வெறும் தண்ணீர்

வியர்வையில் உப்பும் போகிறது. தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் தலை சுற்றும், வாந்தி வரும். நெல்லிக்காயும் கல்லுப்பும் மடியில் இருக்கட்டும்.

மூங்கில் தடி

இளவட்டங்களுக்கு வெட்கம். வாங்குங்கள்.

புது ஷூ

வேண்டாம்.

மேலே தீ மூட்டுவது

குளிருக்கு நாலு சுள்ளி, டீத்தண்ணிக்கு ஒரு அடுப்பு என்று ஆரம்பிப்பார்கள். மலை திறந்திருக்கும் மாசங்கள்தான் புல் காய்ந்து கிடக்கும் மாசங்களும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீக்குள் மாட்டிக்கொண்ட இரண்டு குழுக்களில் ஒன்று நம் ஈரோடு, திருப்பூர் ஆட்கள். மேடு நோக்கிப் போகும் புல் தீயை முந்தி ஓட யாராலும் முடியாது. பீடி, சிகரெட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இறங்குவதை லேசாக நினைப்பது

முட்டி போவது இறங்கும்போதுதான். முதல் மலைப் படிகளுக்குத் திரும்பி வரும்போது தொடை தானாக ஆடும். பக்கவாட்டில் கால் வைத்து, தடியை முன்படியில் ஊன்றி இறங்குங்கள். வெயில் ஏறுவதற்குள் கீழே வருகிற மாதிரி உச்சியிலிருந்து கிளம்ப வேண்டும்.

இறங்கியதும் வண்டியை எடுப்பது

ராத்திரி முழுக்கக் கண் விழித்தவன்தான் பெரும்பாலும் பைக் ஓட்டுகிறவனும். மலை ஏறாத ஒருத்தர் ஓட்டினால் நல்லது. அப்படி ஆள் இல்லையென்றால் கோயில் பக்கம் எங்காவது நிழல் பார்த்து ரெண்டு மணி நேரம் கட்டையைச் சாய்த்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு கிளம்புங்கள்.