சபரிமலை சீசனுக்கு முன் வேன் டயர் மாற்றுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே ஓடுகிற வேனில் டயர் மோசமாக இருந்தாலும் சீக்கிரம் தெரியாது. நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரை நாற்பதைத் தாண்டி ஓட்ட இடம் கிடைப்பதே அபூர்வம். நெரிசல், வளைவு, பஸ் ஸ்டாப், மறுபடியும் நெரிசல். டயருக்குச் சூடேற நேரமே இல்லை. அதே வேன் ஆரல்வாய்மொழி கணவாயைக் கடந்து, காவல்கிணற்றில் நான்குவழிச் சாலையில் ஏறி, உள்ளே ஆளும் மேலே சாமானுமாக மத்தியான வெயிலில் எண்பதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும்போதுதான் டயரின் யோக்கியதை வெளியே வரும். வெடிப்பது கயத்தாறு பக்கமாக இருக்கும். அதற்கான காரணம் ஊரில் டயர் வாங்கிய அன்றைக்கே வண்டியில் ஏறியிருக்கும்.

கார்த்திகை பிறந்தால் சபரிமலை, ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணி, மே மாதம் ஊட்டி, கொடைக்கானல் என்று சீசனுக்காகவே வேன் வைத்திருப்பவர்கள் இங்கே உண்டு. மற்ற நாட்களில் வண்டி பெரும்பாலும் முற்றத்தில்தான் நிற்கும். இப்படிப்பட்ட வண்டியில் டயர் தேய்ந்து போவதற்கு முன்பே பாரத்தாலும் சூட்டாலும் வயதாலும் கெட்டுவிடும். அதனால் பட்டனை, அதாவது ரோட்டில் படுகிற ரப்பர் கட்டைகளை, மட்டும் பார்த்து டயர் வாங்குவதும், பட்டனை மட்டும் பார்த்து “இன்னும் ஒரு சீசன் ஓடும்” என்று விடுவதும் ஒரே தவறுதான். படிக்க வேண்டியது டயரின் பக்கவாட்டில் இருக்கிற எழுத்துகளை.

அளவு சரி, பாரம் தாங்குமா?

பழைய டயரில் 215/75 ஆர் 15 என்று இருக்கிறது. கடையில் அதே அளவில் ஒன்றை எடுத்துப் போடுகிறார்கள், விலையும் குறைவு. எல்லாம் சரிதானே என்று தோன்றும். ஆனால் பொலேரோ ஜீப்புக்கு வருகிற அளவும் இதுதான். ஜீப்புக்கென்று செய்த டயரில் அளவுக்குப் பக்கத்தில் 100 என்று ஓர் எண் இருக்கும். வேனுக்கும் லோடு வண்டிக்கும் ஆன எல்.டி. (லைட் டிரக்) வகை டயரில் 106/103 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். இவை எடைக் குறியீடுகள். 100 என்றால் அந்த டயர் 800 கிலோ தாங்கும். 106 என்றால் 950 கிலோ. சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள 103, பின்பக்கம் ஜோடியாகப் போடும்போது பார்க்க வேண்டிய எண். டயர் ஒன்றுக்கு 875 கிலோ. ஜோடியில் உள்ள இரண்டு டயரும் பாரத்தை எப்போதும் சமமாகச் சுமப்பதில்லை என்பதால்தான் இந்தக் குறைப்பு.

ஆக, அளவு ஒன்றேதான், தாங்கும் எடையில் மட்டும் முன்டயர் ஒன்றுக்கு 150 கிலோ வித்தியாசம். பையோடு இரண்டு ஆளின் எடை அது.

நம் ஆட்கள் வண்டியில் ஏற்றுகிற எடையைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். 17 பேர், ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலே 1,105 கிலோ. இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஐந்து, 100 கிலோ. அரிசிச் சாக்கு, அண்டா, அடுப்பு, பாய், துணிப் பை, திரும்பி வரும்போது அரவணை டின். கேஸ் சிலிண்டரையும் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆள் போகிற வண்டியில் அது வேண்டவே வேண்டாம். இந்தச் சாமானில் பாதிக்கு மேல் மேல்கேரியரில்தான் இருக்கும். அந்தப் பாரம் மலைப்பாதை வளைவுகளில் ஒரு பக்கத்து டயர்கள் மேல் சாய்ந்துகொண்டே போகும். ஆர்.சி.யில் போட்டிருக்கிற மொத்த எடையைப் பாருங்கள். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் எவ்வளவு எடை என்பதையும் வண்டிப் புத்தகத்தில் பாருங்கள். டயர்கள் தாங்கும் எடை அதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே இருக்க வேண்டும். ‘சரியாக அவ்வளவு’ என்று வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எடை எண்ணை அடுத்து வரும் எழுத்து வேகத்துக்கானது. கியூ என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர், எஸ் என்றால் 180. எண்பதில் போகிற வேனுக்கு இதில் கூடுதலாகப் பணம் போடத் தேவையில்லை. வண்டிக் கம்பெனி சொன்ன எழுத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். 8 பி.ஆர். (பிளை ரேட்டிங்) என்று இருந்தால் உள்ளே எட்டு அடுக்கு இருக்கிறது என்று எண்ணவும் வேண்டாம். இப்போது அது வலிமையைச் சொல்கிற ஒரு கணக்குதான்.

முடியைப் பார்த்து ஏமாறுவது

டயரை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். பட்டன் மேல் சின்னச் சின்ன ரப்பர் முடிகள் குத்திட்டு நிற்கும். “முடியைப் பாருங்கண்ணே, மாலு இப்பத்தான் எறங்கிச்சு” என்பார்கள். டயரை அச்சில் வார்க்கும்போது காற்று வெளியேற வைத்த துளைகளில் ரப்பர் புகுந்து உண்டாவதுதான் அந்த முடி. டயர் ரோட்டில் ஓடவில்லை என்பதற்கு அது அடையாளம். கடை மாடியில் நான்கு வருஷம் கிடந்த டயரிலும் முடி அப்படியே நிற்கும்.

வயதைச் சொல்வது பக்கவாட்டில் ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கிற நான்கு இலக்கம். 4722 என்றால் 2022-ஆம் ஆண்டின் 47-ஆவது வாரம், அதாவது நவம்பர். பல டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். மாட்டிய பிறகு அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் வண்டிக்கடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு டயரையும் திருப்பிப் பார்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். தயாரித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் நான் வேறு கேட்பேன். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஏற்கெனவே வண்டியில் இருக்கிற டயருக்கும் இதே கணக்குதான். ஐந்து வருஷம் தாண்டிவிட்டால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது டயர் தெரிந்த ஒருவரிடம் கழற்றிக் காட்ட வேண்டும். பத்து வருஷம் என்பது எந்த டயருக்கும் கடைசி எல்லை என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. ஆள் ஏற்றுகிற வேனுக்கு ஆறு வருஷத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. “வண்டி ஓடவே இல்லையே, டயர் எப்படிக் கெடும்?” என்று கேட்பார்கள். ரப்பர் பால் வெட்டுகிற மாவட்டத்தில் இந்தக் கேள்வி வரக் கூடாது. ஷீட்டை நாள் கணக்கில் வெயிலில் போட்டால் என்ன ஆகும் என்று குலசேகரத்தில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். டயரும் அப்படித்தான். வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரை வெடிக்க வைக்கும். அதைத் தடுக்க ரப்பரில் மெழுகு மாதிரி ஒரு பொருளைச் சேர்த்திருப்பார்கள். டயர் உருண்டு நசுங்கும்போதுதான் அது மேலே வந்து படியும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிற வண்டியில் அதற்கு வழியில்லை.

டயர் பாலிஷ் அடித்துப் பளபளப்பாக நிறுத்திய வண்டியை வாங்குகிறீர்கள் என்றால், ஈரத்துணியால் பக்கவாட்டை நன்றாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். மயிரிழை மாதிரி வெடிப்புகள் பாலிஷுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். பக்கவாட்டில் கொப்புளம் மாதிரி வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஒட்டு வேலை கிடையாது, டயரை மாற்றத்தான் வேண்டும்.

காற்றில் செய்கிற கஞ்சத்தனம்

106 என்றால் 950 கிலோ என்று பார்த்தோம். அந்த எடையைத் தாங்குவது டயரில் குறித்திருக்கிற அளவு காற்று இருந்தால் மட்டுமே. 65 பி.எஸ்.ஐ. போட்டிருக்கிற டயரில் 45 அடைத்துக்கொண்டு, “காத்து கொறைவா இருந்தா குலுங்காது” என்று மலை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டு நசுங்கி நிமிரும். அந்த மடங்கல்தான் சூடு. சூடு ஏற ஏற ரப்பரும் உள்ளே உள்ள நூலும் கம்பியும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிய ஆரம்பிக்கும். டயர் வெடித்த இடத்தில் ஆணி எதுவும் கிடைக்காமல், ரப்பர் பட்டை பட்டையாக உரிந்து ரோட்டில் கிடப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

காற்று பார்க்க வேண்டியது வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, காலையில் புறப்படும் முன்னால். ஓடிச் சூடான டயரில் அளவு ஏறித்தான் காட்டும். திருநெல்வேலி தாண்டி டீ குடிக்க நிறுத்துகிற இடத்தில் “கூடிப்போச்சு” என்று காற்றை இறக்கிவிட்டால், டயர் ஆறும்போது குறைந்துவிடும். எவ்வளவு காற்று என்பதற்கு டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அட்டையையோ வண்டிப் புத்தகத்தையோ பாருங்கள். முழுப் பாரத்துக்குத் தனி அளவு கொடுத்திருந்தால் சீசனுக்கு அதுதான். நைட்ரஜன் அடைத்தால் தொல்லையே இல்லை என்ற பேச்சை நம்பிப் பார்க்காமல் விடுவதும் தவறு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

பின்னால் ஜோடிச் சக்கரம் உள்ள வண்டியில் உள்டயரை யாரும் கவனிப்பதில்லை. லிவரால் தட்டி, சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவார்கள். சுத்தமாகக் காற்றில்லாத டயரைத்தான் அப்படிக் கண்டுபிடிக்க முடியும், பதினைந்து பி.எஸ்.ஐ. குறைந்திருந்தால் சத்தத்தில் தெரியாது. உள்டயர் தளர்ந்தால் வெளிடயர் இரட்டைப் பாரம் சுமக்கும், கடைசியில் இரண்டுமே போகும். உள்டயரின் வால்வுக்கு வெளியிலிருந்து எட்டும்படி நீட்டிப்பு வைத்துக்கொண்டால் இந்தச் சோம்பலுக்கு வழியிருக்காது. ஜோடியில் புதிய டயரையும் தேய்ந்த டயரையும் சேர்த்துப் போடவும் கூடாது. உயரமானது பாரத்தை வாங்கிக்கொள்ளும், குட்டையானது ரோட்டில் உரசும்.

கடற்கரைக்காரர்களுக்கு

குளச்சல், முட்டம், மணக்குடி பக்கத்தில் நிற்கிற வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. இரும்பு ரிம்மில் டயர் உட்காருகிற விளிம்பு துருப்பிடித்துச் செதில் செதிலாகிவிடும். ட்யூப்லெஸ் டயரில் காற்று மெதுவாகக் கசியும். பஞ்சர் கடையில் தண்ணீரில் முக்கினால் விளிம்பைச் சுற்றிச் சின்னக் குமிழ்கள் வரும். இதற்குச் சுலபமான வழி என்று உள்ளே ஒரு ட்யூபைப் போட்டுவிடுகிறார்கள். அது சரியான வேலை அல்ல. ட்யூபும் டயரும் உரசிச் சூடாகும். ஆணி குத்தினால் ட்யூப்லெஸ் மாதிரி மெதுவாக இறங்காமல் சட்டென்று காற்று போய்விடும். ரிம்மைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்து பெயின்ட் அடிக்க வேண்டும். துரு குழி விழுந்திருந்தால் ரிம்மையே மாற்ற வேண்டும். புது டயர் போடும்போது வால்வும் புதிதாக இருக்கட்டும். பல ஆயிரம் கொடுத்து டயர் வாங்கிவிட்டு வால்வில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

மற்றவை சுருக்கமாக. ரீட்ரெட் டயரை, அதாவது பழைய டயரில் பட்டன் மட்டும் புதிதாக ஒட்டியதை, முன்பக்கம் போட வேண்டாம். முன்டயர் போனால் ஸ்டீரிங் கையில் நிற்காது. ரேடியலையும் பழைய நைலான் டயரையும் ஒரே அச்சில் கலக்கக் கூடாது. எங்கே ஓடியது என்று தெரியாத கழற்றின டயர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஆள் ஏற்றும் வண்டிக்கு வேண்டாம். பஞ்சரைத் திரி வைத்து அடைத்தது ஊர் வந்து சேர மட்டும். டயரைக் கழற்றி உள்ளிருந்து பேட்ச் போட வேண்டும், அதுவும் பட்டன் பகுதியில் இருந்தால்தான். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயர் சட்டப்படியே ஆகாது. ஆனால் இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில், பேச்சிப்பாறை ரோட்டில் ரப்பர் இலை ஒட்டிய ஈரத் தாரில் ஓட்டுகிறவர் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

டயரை மலைக்குப் புறப்படும் முந்தின நாள் மாற்றாதீர்கள். கார்த்திகை தொடங்கிவிட்டால் கடைகளில் கூட்டம்; இருப்பதைத் தலையில் கட்டிவிடுவார்கள். இரண்டு வாரம் முன்னால் மாற்றினால் புது ரப்பரின் வழவழப்புப் போக முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டலாம், அலைன்மென்ட் பார்க்கலாம், ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை இன்னொரு தடவை முறுக்கலாம். அப்புறம் ஸ்டெப்னி. அதற்கும் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். வண்டி வாங்கின நாளிலிருந்து அடியில் தொங்குகிற டயராக இருந்தால் அதுவும் கிழடுதான். ஜாக்கி அந்தப் பாரத்தைத் தூக்குகிறதா, நட்டு ஸ்பேனரில் கழலுகிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்திலேயே டிரைவரை வைத்துக் கழற்றி மாட்டச் சொல்லிப் பாருங்கள்.