மஞ்சள்தானே என்று விழுங்கியது: சீரற்ற இதயத் துடிப்பு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அத்தைக்குச் சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. ஐம்பதைக் கடந்தபோது துடிப்பும் தாளம் தப்பத் தொடங்கியது. அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் அசிட்ரோம் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க மாதம் ஒரு முறை ஐ.என்.ஆர். சோதனை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்த அந்த எண், ஒரு மாதம் ஆறைத் தாண்டியது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம்; முழங்கையில் எங்கும் இடிக்காமலே நீலத் தடம். மருத்துவர் மாத்திரையின் அளவைச் சந்தேகித்தார். நாங்கள் சோதனைக் கூடத்தைச் சந்தேகித்தோம். மூன்றாம் நாள்தான் அத்தை அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். மூட்டு வலிக்கு நல்லது என்று யாரோ சொல்லி வாங்கிய மஞ்சள் கேப்ஸ்யூல். "மஞ்சள்தானே, இதையுமா டாக்டரிடம் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. மஞ்சளைச் சந்தேகிக்க நம் வீடுகளில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனால் அத்தைக்கு நடந்தது அபூர்வமான ஒன்று அல்ல. அசிட்ரோம் போலவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுத்துவந்த ஒருவர், மஞ்சள் சேர்ந்த சத்துப்பொருள் ஒன்றைத் தொடங்கிய சில வாரங்களில் அவருடைய ஐ.என்.ஆர். பத்தைத் தாண்டியதாக, நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பான மெட்சேஃப் 2018-இல் எச்சரிக்கை வெளியிட்டது.

சாம்பாரில் விழும் மஞ்சள் வேறு, கேப்ஸ்யூலில் வருவது வேறு. மஞ்சளின் முக்கிய வேதிப்பொருளான குர்குமின், மஞ்சள்தூளில் நூற்றில் சில பங்குதான். கேப்ஸ்யூலில் இருப்பது அதைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கியது. உடலில் நன்றாக ஏறட்டும் என்று பல தயாரிப்புகளில் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினையும் சேர்க்கிறார்கள். அது குர்குமினை மட்டும் ஏற்றிவிட்டு நின்றுவிடாது; கல்லீரல் சிதைத்து வெளியேற்ற வேண்டிய மற்ற மருந்துகளின் கணக்கையும் கலைக்கக்கூடும். பூண்டு, இஞ்சி, ஜின்கோ என்ற மூலிகை எதற்கும் இதே கதைதான். ரசத்தில் நசுக்கிப் போடும் நான்கு பல் பூண்டுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தின் தைரியத்தில் செறிவூட்டிய பூண்டு மாத்திரையை விழுங்குவதுதான் தவறு.

"படபடப்பு" என்ற ஒரே சொல்

தமிழில் எல்லாவற்றுக்கும் படபடப்பு என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். காபி குடித்த பிறகு நெஞ்சில் ஒரு துடிப்பு தப்பி மறு துடிப்பு உதைப்பதும் படபடப்பு. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் படபடப்பு. ரத்தசோகையாலும், தைராய்டு அதிகமாகச் சுரப்பதாலும் வருவதும் அதேதான். முதல்வகைத் துடிப்பு இதயம் நலமாக உள்ள பலருக்கும் வரும், பெரும்பாலும் தீங்கில்லாதது. இரண்டாவது பக்கவாதத்தின் ஆபத்தை ஏறக்குறைய ஐந்து மடங்காக்குகிறது. ஈசிஜி எடுக்காமல், எது என்று தெரியாமல், "துடிப்புக்கு நல்லது" என்று ஒன்றை வாங்கித் தொடங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து சாப்பிடுவது போன்றது.

மருத்துவ உலகமே ஒரு காலத்தில் இப்படி ஏமாந்திருக்கிறது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்குக் கூடுதல் துடிப்புகள் வந்தால் ஆபத்து என்பது தெரிந்த செய்தி. அப்படியானால் அந்தத் துடிப்புகளை அடக்கினால் உயிர் காக்கலாம் என்று 1980-களில் நம்பினார்கள். அதைச் சோதித்த 'காஸ்ட்' ஆய்வில், துடிப்புகளை மிக நன்றாக அடக்கிய ஃப்ளெக்கனைடு, என்கனைடு என்ற மருந்துகள் கொடுக்கப்பட்டவர்கள்தான் அதிகமாக இறந்தார்கள். 1989-இல் அந்தப் பகுதியை அவசரமாக நிறுத்தினார்கள். "இதைச் சாப்பிட்ட பிறகு படபடப்பு அடங்கிவிட்டது" என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். அடங்கியது நன்மைதானா என்பது தனிக் கேள்வி.

நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடுவது

இந்தப் பட்டியலில் ஆளைக் கொல்லும் தவறு இதுதான். மற்றவையெல்லாம் இதற்குப் பின்னால்தான். மேலறை நடுங்கும்போது ரத்தம் அங்கே சுழன்று தேங்கும். தேங்கிய ரத்தம், குறிப்பாக இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சிறு பையில், கட்டியாக உறையும். அந்தக் கட்டி நகர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை துடிப்பைச் சரிசெய்வதற்கானதே அல்ல; இந்தக் கட்டியைத் தடுப்பதற்கானது. ஆகவே யோகாவாலோ, மூலிகையாலோ, காலத்தாலோ படபடப்பு குறைந்துவிட்டது என்பது அந்த மாத்திரையை நிறுத்தக் காரணம் ஆகாது. போதாக்குறைக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பல வேளைகளில் எந்த உணர்வையும் தராமலே வந்து போகும்.

மருதம்பட்டை விஷயத்தில் இதை மிகுதியாகப் பார்க்கிறேன். இதயத்துக்கு மருதம்பட்டை என்பது நம் மரபில் ஊறிய நம்பிக்கை. அதை நான் இழிவாகப் பேசமாட்டேன். நெஞ்சுவலிக்கும் இதயத் தளர்ச்சிக்கும் அதைச் சிறிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் அது ரத்தக்கட்டியைத் தடுக்கும் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. கஷாயம் குடிக்க விரும்புகிறவர் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கலாம். மாத்திரைக்குப் பதிலாகக் குடிக்கக் கூடாது. "எதற்கும் இருக்கட்டும்" என்று ஆஸ்பிரினுக்கு மாறிக்கொள்வதும் ஈடாகாது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. ருமாட்டிக் வால்வு நோய் இங்கே இன்னும் ஒழியவில்லை. அந்த வால்வுச் சுருக்கத்தோடு துடிப்பும் சீரற்றுப் போனவர்களுக்குப் புதிய வகை மருந்தான ரிவராக்சபானைவிடப் பழைய வார்ஃபரின் வகையே உயிரைக் காப்பதில் மேல் என்று 2022-இல் வெளியான 'இன்விக்டஸ்' ஆய்வு காட்டியது. ஆக, "இப்போது சோதனையே தேவைப்படாத மாத்திரை வந்துவிட்டதே" என்று கேள்விப்பட்டுத் தாமாக மாறுவதும் தவறு. அந்தப் புதிய மருந்துகளை எடுப்பவர்களும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லை என்பதற்கு மற்றவற்றோடு மோதாது என்று பொருளல்ல. மனச்சோர்வுக்காக விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை அபிக்சபான், ரிவராக்சபான், டபிகட்ரான் ஆகியவற்றின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அத்தைக்கு எண் ஏறிக் காட்டிக்கொடுத்தது. இவர்களுக்குக் காட்டிக்கொடுக்க எந்த எண்ணும் இல்லை.

கீரையைத் துறப்பது

வார்ஃபரினும் அசிட்ரோமும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்தே செயல்படுகின்றன. கீரையில் வைட்டமின் கே நிறைய. இதைப் பாதி கேட்டுவிட்டு முருங்கைக்கீரையையே வீட்டுக்குள் விடாதவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. வாரம் இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். மருத்துவர் அதற்கேற்ப மாத்திரையின் அளவை வைத்துக்கொள்வார். ஒரு மாதம் துறவறம், மறு மாதம் தினமும் முருங்கைப் பொடி என்று தாவினால்தான் எண் ஆடும்.

மீன் எண்ணெய்

இதயத்துக்கு ஒமேகா-3 என்பது விளம்பரம் வேண்டாத அளவுக்கு ஊறிப்போன செய்தி. துடிப்பு விஷயத்தில் அது நேர் எதிராகத் திரும்பியது. நாளொன்றுக்கு 4 கிராம் கொடுத்துப் பார்த்த, 13,000 பேருக்கு மேல் பங்கேற்ற 'ஸ்ட்ரெங்த்' ஆய்வில், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் புதிதாக வந்தவர்கள் மீன் எண்ணெய்ப் பிரிவில் 2.2 சதவீதம், மற்றப் பிரிவில் 1.3 சதவீதம். 2020-இல் வெளியானது இது. ஒரு கிராமுக்கும் குறைவாகக் கொடுத்த 'வைட்டல்' ஆய்வில் கெடுதலும் தெரியவில்லை, துடிப்புக்கு நன்மையும் தெரியவில்லை. 2023-இல் ஐரோப்பிய மருந்து முகமை, மருந்தாக விற்கப்படும் ஒமேகா-3-க்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைப் பக்கவிளைவுகளின் வரிசையில் சேர்த்தது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிகுந்தவருக்கு மருத்துவரே எழுதிக்கொடுத்தால் அது வேறு. துடிப்பு சரியாகட்டும் என்று கேப்ஸ்யூலைத் தாமாக இரட்டிப்பது தலைகீழ் வைத்தியம். குழம்பில் மத்தியும் அயிலையும் தாராளமாகச் சாப்பிடலாம்.

இயற்கை என்றால் சாது என்று நினைப்பது

இருமலுக்கு அதிமதுரம் மெல்லாத வீடு உண்டா? ஒரு துண்டு மென்றால் ஒன்றுமில்லை. தினமும், வாரக்கணக்கில் என்று ஆகும்போது அதிலுள்ள கிளைசிரைசின் சிறுநீரகத்தின் வழியாகப் பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது, ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. பொட்டாசியம் குறைந்தால் துடிப்பு தடுமாறும். நாற்பது வயதைக் கடந்தவர்கள் நாள்தோறும் சுமார் 57 கிராம் அதிமதுர மிட்டாயை இரண்டு வாரம் சாப்பிட்டாலே மருத்துவமனைக்குப் போக நேரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. மாசசூசெட்ஸில் தினமும் அந்த மிட்டாயைப் பாக்கெட் பாக்கெட்டாகத் தின்ற 54 வயதுக்காரர் இதயத் துடிப்பு நின்று இறந்ததை 2020-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். நீர் பிரியும் மாத்திரையோ, இதய மருந்தான டிகாக்சினோ எடுப்பவர்கள் அதிமதுரத்தை மருந்தாகத் தொடரவே கூடாது.

டிகாக்சினே ஒரு செடியிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் ஒரு நாட்டுப்புறப் பெண்ணின் மூலிகைக் கலவையில் ஃபாக்ஸ்க்ளோவ் என்ற அந்தச் செடி இருப்பதைக் கண்டுகொண்ட மருத்துவர் வில்லியம் விதரிங், எவ்வளவு கொடுத்தால் குணம், எவ்வளவுக்கு மேல் நஞ்சு என்று பல ஆண்டுகள் நோயாளி நோயாளியாகக் குறித்து 1785-இல் நூலாக வெளியிட்டார். நம் வேலியோர அரளியில் இருப்பதும் அதே குடும்பத்து நஞ்சுதான். அங்கே அளந்துதர ஒரு விதரிங் இல்லை. வச்சநாபியில் உள்ள அக்கோனிட்டின் கீழறைகளையே வெறிகொண்டு துடிக்கவைக்கும். சித்த மருத்துவம் அதை நஞ்சு நீக்கிச் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை. பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போவது ஒன்று. பெயரும் சேர்மானமும் எழுதாத பொட்டலத்தைச் சந்தையில் வாங்கி விழுங்குவது முற்றிலும் வேறு.

மெக்னீசியமும் பொட்டாசியமும் குறைந்தால் துடிப்பு கெடும் என்பது உண்மை. அதனால் கூடினால் துடிப்பு சீராகும் என்பது பொய். ராமிப்ரில், டெல்மிசார்ட்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த, இதய மருந்துகள் எடுப்பவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் பொட்டாசியம் ஏற்கெனவே தேங்கக்கூடும். அவர்கள் சோடியம் குறைந்த உப்பு என்று வாங்குவதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். இதயம் நிற்கும் அளவுக்குப் போகக்கூடிய ஆபத்து இது. ரத்தப் பரிசோதனை ஒன்றில் தெரிந்துவிடும் விஷயத்துக்கு ஊகம் எதற்கு?

முடி கொட்டுகிறது என்று எடுக்கும் பயோட்டின் இன்னொரு வகையில் குழப்பும். அது இதயத்தைத் தொடுவதில்லை, பரிசோதனையைப் பொய்யாக்குகிறது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் அளவைக் குறைத்துக் காட்டலாம். தைராய்டு அதிகமாகச் சுரக்காதவருக்குச் சுரப்பதாகக் காட்டலாம். படபடப்புக்குக் காரணம் தேடும் மருத்துவர் முதலில் பார்ப்பதே தைராய்டைத்தான்.

கைகொடுக்கும் சில

கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தனஞ்செய லக்கிரெட்டி குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இரண்டு முறை யோகா செய்த 49 பேருக்கு மூன்று மாதங்களில் படபடப்பு வரும் தடவைகள் குறைந்தன, மனமும் தெளிந்தது. சிறிய ஆய்வு, ஒப்பிட வேறு குழு இல்லை. ஆனாலும் யோகாவை நான் மனதாரப் பரிந்துரைப்பேன், மருந்தோடு சேர்த்து. மதுவை விட்டதும் உடல் எடை குறைத்ததும் எந்தக் கேப்ஸ்யூலைவிடவும் திடமான சான்று உள்ளவை. இரண்டிலும் ஆஸ்திரேலிய ஆய்வுகள் தெளிவாகப் பேசுகின்றன. அக்குபஞ்சர் செய்பவரிடம் ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பதை ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். "எல்லா மாத்திரையையும் நிறுத்தினால்தான் குணமாகும்" என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

படபடப்பை நிறுத்தக் காணொலி பார்த்துக் கழுத்துத் தமனியை அழுத்திக்கொள்வதும் பரவியிருக்கிறது. மூச்சை அடக்கி முக்குவது போன்ற முறைகள் எஸ்.வி.டி. என்ற வேறு வகை வேகத் துடிப்பில் உண்மையாகவே உதவும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை அவை நிறுத்தாது. வயதானவரின் கழுத்துத் தமனியில் படிந்திருக்கும் கொழுப்பை அழுத்தி விலக்கினால் அது மூளைக்குப் போகலாம்.

அத்தையின் கைப்பையில் இப்போது ஒரு தாள் இருக்கிறது. மாத்திரைகள், கேப்ஸ்யூல்கள், சூரணம், வலி தைலம், தூதுவளை லேகியம் எல்லாம் அளவோடும் நேரத்தோடும் எழுதியிருக்கிறது. மருந்துக் கடையில் வலி மாத்திரை கேட்கும்போதும் அதைத்தான் நீட்டுகிறார். சத்து மாத்திரை டப்பாவில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை அவரே கண்டுபிடித்து எங்களுக்குப் படித்துக்காட்டினார்.

வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ எதையும் வாயில் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். ஆம்புலன்ஸில் ஏறும்போது அந்தத் தாளும் கூடப் போக வேண்டும். ரத்தம் உறையாமைக்கான மாத்திரையைக் கடைசியாக எத்தனை மணிக்கு எடுத்தார் என்பது மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று.