ஆளைப் பார்த்து வயதைச் சொல்பவர்களைச் சமாளிக்க

மகளுக்கு மூன்று வயதுதான், பார்க்கிறவர்கள் ஐந்தாறு என்பார்கள். பாம்பன் கரையில் காயப்போட்ட வலையைப் பிடித்து இழுத்துவிட்டு, தடுத்தால் மணலில் புரண்டு அழுவாள், உடனே யாராவது "இம்புட்டுப் பெரிய பிள்ளை அழலாமா?" என்பார்கள். நான் முந்திக்கொண்டு, "மூணு வயசுதான்க்கா" என்று சொல்லிவிடுவேன், பாதிப் பேச்சு அதோடு நின்றுவிடும். அதட்டல் வேண்டாம், உடம்புதான் பெரிசு, புத்தி மூன்று வயதுக்குரியதே.

அப்புறம், உங்கள் பிள்ளையும் வயதுக்கு மீறிய வளர்த்தி என்றால், பிறப்புச் சான்றிதழைப் போட்டோ எடுத்து போனில் வையுங்கள். அரசுப் பேருந்தில் 5 வயது வரை டிக்கெட் கிடையாது, ஆனால் ராமநாதபுரம் பஸ்ஸில் நடத்துநர் பிள்ளையை மேலும் கீழும் பார்ப்பார், காட்டினால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அங்கன்வாடியில் எடை மட்டும் பார்க்காமல் உயரத்தையும் அளந்து எழுதச் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்து ஏறினால் பெரும்பாலும் கவலையில்லை.