கார்புரேட்டர் காரில் இ20 பெட்ரோல்: முதலில் ரப்பர், கடைசியில் ஜெட்

காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் உள்ள பழைய மாருதி 800, பத்மினி, அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) என்றதும் முதலில் கேட்பது மைலேஜைத்தான். குறையத்தான் செய்யும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. கலப்பே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் 6-7 சதவீதம், இ10-ஓடு (10 சதவீதம் எத்தனால்) ஒப்பிட்டால் அதில் பாதி போகும். அதற்கு மருந்து கிடையாது. கவலைப்பட வேண்டியது பானட்டுக்குள் ஓடும் ரப்பர் ஓஸைப் பற்றி. கசியும் பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டினால் கார் பற்றிக்கொள்ளும்.

பழைய நைட்ரைல் ரப்பரை எத்தனால் ஊத வைக்கும். வண்டி நாள்கணக்கில் நின்று ஓஸ் காய்ந்தால் அதே ரப்பர் சுருங்கி, இறுகி, வெடிக்கும். கிளிப்பை ஒட்டிய இடத்தில் ஓஸை மடக்கிப் பாருங்கள். மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ, விரலில் கறுப்பாக ஒட்டினாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. கடையில் வெறுமனே "பெட்ரோல் ஓஸ்" என்று கேட்டு வாங்காதீர்கள். மேலே "எஸ்ஏஇ ஜே30 ஆர்9" என்று அச்சிட்டிருக்க வேண்டும். உள்சுவர் விட்டான் (Viton) என்ற, எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் இருக்கும். விலை அதிகம்தான், ஆனால் ஒரு காருக்குத் தேவை இரண்டு மூன்று மீட்டர்தான். இரும்புக் குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்துகொண்டு போங்கள். பெரும்பாலும் 6 அல்லது 8 மி.மீ. இருக்கும். உள்ளே பெட்ரோல் ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூப் வேண்டவே வேண்டாம், எஞ்சின் சூட்டில் விறைத்துக் கழன்றுவிடும்.

வேலை தொடங்கும்முன் எஞ்சின் முழுக்க ஆறட்டும், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். டேங்க் பக்கம், ஏசி பம்புக்கு (டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் பம்ப், குளிர்சாதனம் அல்ல) முன்னும் பின்னும், மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது நல்லது. பலரும் மறப்பது பெட்ரோல் மூடிக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கும் தடித்த ஓஸை. ஃபுல் டேங்க் போட்டு வளைவில் திரும்பும்போது மட்டும் பெட்ரோல் வாடை வந்தால் அதுதான் காரணம்.

ஏசி பம்பின் டயஃப்ரம் கிழிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் போகலாம். பெட்ரோல் உள்ளே ஆயில் சம்ப்புக்கு (எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பம்பைச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். கார்புரேட்டரைத் திறக்கும்போது ஆக்சிலரேட்டர் பம்ப் டயஃப்ரம், நீடில் வால்வ், ஓ ரிங், கேஸ்கெட் எல்லாவற்றையும் ரிப்பேர் கிட்டோடு மாற்றிவிடுங்கள். ரொம்பப் பழைய வண்டிகளில், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்க அரக்கு பூசிய தக்கை மிதவை இருக்கும். அரக்கு எத்தனாலில் கரையும், தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கும், கார்புரேட்டர் வழிந்து ஓடும். பித்தளை மிதவைக்கு மாறுவதே வழி.

அடுத்தது டேங்க். பல வருடம் படிந்த பிசினையும் துருவையும் எத்தனால் கிளப்பிவிடும். அதனால் முதல் இரண்டு மூன்று டேங்க் ஓடும்வரை ஒரு பெட்ரோல் ஃபில்டரைக் கையில் வைத்திருங்கள். சமதளத்தில் நன்றாக ஓடும் கார் மேட்டில் இழுக்காமல் திணறினால், ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு பித்தளைத் திருகு) தொடுவதற்கு முன் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள்.

ஜெட்டுக்கு வருவோம். பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இ20-க்குச் சுமார் 13.5 போதும். கார்புரேட்டருக்கு இது தெரியாது, பழையபடியே கலக்கும். அதனால் கலவை லீன் ஆகிறது, அதாவது காற்று அதிகமாகி எரிபொருள் குறைகிறது. ஆனால் தேய்ந்த கார்புரேட்டர் வண்டிகள் பல ஏற்கெனவே ரிச்சாகத்தான், அதாவது எரிபொருள் கூடுதலாகத்தான் ஓடுகின்றன. அவற்றின் கலவையை இ20 கெடுக்காது. கண்ணை மூடிக்கொண்டு ஜெட் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓட்டி, கிளட்சை மிதித்து, உடனே இக்னிஷனை அணைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டிப் பாருங்கள். (ஸ்டீயரிங் லாக் ஆகாதபடி சாவியை உருவாமல் இருங்கள்.) பிளக்கின் பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் எதையும் தொட வேண்டாம். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்து, ஒரே சீராக ஓட்டும்போது வண்டி இழுத்து இழுத்து விட்டால், அல்லது கார்புரேட்டர் வழியே "டப்" என்று அடித்தால் லீன் என்று அர்த்தம்.

இ10-க்கு டியூன் செய்த வண்டி என்றால் மெயின் ஜெட் விட்டம் 2 சதவீதம், கலப்பில்லாத பெட்ரோலுக்குச் செய்தது என்றால் 4 சதவீதம் கூட வேண்டும். ஜெட் எண் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் குறிக்கிறது என்றால் 107.5 இருந்த இடத்தில் 110 அல்லது 112.5. ஒரு படி மட்டும் ஏற்றி, மறுபடி பிளக்கைப் பாருங்கள். கம்பியை விட்டு ஓட்டையைப் பெரிதாக்கும் கைவைத்தியம் வேண்டாம். ஓட்டை கோணலானால் திரும்பச் சரிசெய்ய முடியாது. மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருப்பினால் மாறுவது ஐடிலிங் மட்டும்தான்.

பங்க்கில் போட்டது எவ்வளவு எத்தனால் என்று பார்க்க, அளவுகோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மி.லி. தண்ணீர், அதன்மேல் 50 மி.லி. பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி, மூடியை ஒருமுறை திறந்து காற்றை விட்டு, பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே வந்துவிடும். அடி அடுக்கு 20 மி.லி.யைத் தொட்டால் இ20, 15-இல் நின்றால் இ10. திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள்.

எத்தனால் இப்படித் தண்ணீரோடு சேர்ந்து பிரிவதால்தான் வண்டியைப் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தக் கூடாது. டேங்குக்குள் தண்ணீர் சேர்ந்து அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அதைத்தான். வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் உடனே அணைந்துவிடும். பாட்டிலில் விற்கும் எந்த அடிட்டிவும் பிரிந்ததை ஒன்று சேர்க்காது. டேங்கின் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி முழுவதையும் வடித்து, கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்து, புது பெட்ரோல் ஊற்ற வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் முன்னதாகவே வடித்துவிடுங்கள்.