'எக்ஸ்ட்ரா' பில் நீட்டும் காண்ட்ராக்டரிடம் செய்யக்கூடாத தவறுகள்

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, வீட்டுக்கு அடியில கொட்டின கிராவல் மண்ணுக்கு மட்டும் காண்ட்ராக்டர் எக்ஸ்ட்ரா ரெண்டு லட்சம் கேட்கிறார்." அளந்தாயா என்றேன். "மேலே கான்கிரீட் போட்டாச்சே மாமா." பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் தலையில் கை வைத்து உட்கார்ந்த அதே இடம். அக்ரிமெண்ட் எழுதுங்கள், ரசீது வாங்குங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது, அதை விடுகிறேன்.

மூடப்போகிற வேலையை அளக்காமல் விடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. என் அக்ரிமெண்டில் '3 அடி பேஸ்மெண்ட்' என்று இருந்தது, அதாவது மண் நிரப்பி வீட்டுத் தரையை உயர்த்தும் அடிமட்டம். ரோட்டிலிருந்தா, மனைத் தரையிலிருந்தா? நான் கேட்கவில்லை, காண்ட்ராக்டரும் சொல்லவில்லை. மனையோ ரோட்டை விடப் பள்ளம். பாதி வேலையில் வந்து, "சார், இப்படியே விட்டா மழைத்தண்ணி உள்ள வரும், ஒரு ஒன்றரை அடி ஏத்திடலாமா?" என்றார். நியாயமான பேச்சுதான். எவ்வளவு ஆகும் என்றால், "பெரிசா ஒண்ணும் ஆகாது சார், பார்த்துக்கலாம்." அந்தப் 'பார்த்துக்கலாம்' பில்லாக வந்தது மேல்தளம் கான்கிரீட்டுக்கு இரண்டு நாள் முன்னால். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, மிக்ஸர் மெஷினுக்கும் சொல்லியாச்சு, இனி பணம் வந்தால்தான் ஆள் வருமாம். கிராவல் 30 யூனிட்டாம்.

நான் கணக்குப் போட்டேன். சுவர்களுக்குள் 900 சதுர அடி, ஒன்றரை அடி உயரம், ஆக 1,350 கன அடி. யூனிட்டுக்கு 100 கன அடி, அப்படியானால் பதின்மூன்றரை. லாரியில் தளர்வாக வரும் மண் தண்ணீர் விட்டு இடித்தால் அமுங்கும், அதற்குக் கால் பங்கு சேர்த்தாலும் 17 யூனிட். காட்டியதும், "நடுவுல இன்னும் ஒரு அடிக்கு மேல பள்ளம் இருந்துச்சே சார், நீங்க பார்க்கலையா?" என்று ஒரே போடாகப் போட்டார். மறுக்க என்னிடம் இருந்தது ஒரே ஒரு பூமி பூஜை போட்டோ. அதில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் தரையை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கொடுத்துத் தொலைத்தேன்.

மண் வெட்டும் முன்பே நாலு மூலையிலும் நடுவிலும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து, ரோட்டுக்கு எவ்வளவு பள்ளம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். டிப்பர் பாடியை டேப் வைத்து அளங்கள், லோடுக்கு ஒரு போட்டோ. ஃபுட்டிங் குழி, செப்டிக் டேங்க் ஆழம், எதுவானாலும் மூடும் முன். அவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

சதுர அடி ரேட்

எந்தச் சதுர அடி? போர்டிகோ, சம்ப், காம்பவுண்ட் சேர்த்தா, சேர்க்காமலா?

கம்பி எடையை அவர் வாயால் கேட்பது

கம்பிகளை நீங்களே எண்ணி, ஒன்றின் எடையால் பெருக்குங்கள். 12 எம்எம் கம்பி, 12 மீட்டர் நீளம், ஏறக்குறைய 10.7 கிலோ.

சண்டை போட்ட மறுநாளே வேறு மேஸ்திரியை இறக்குவது

புது ஆள் கை வைத்துவிட்டால் யார் வேலை எது என்று பிரிப்பது பெரும்பாடு. முதலில் வெளி இன்ஜினியர் ஒருவர் அளந்து ரிப்போர்ட், அடுத்து வக்கீல் நோட்டீஸ், அப்புறம் மேஸ்திரி. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2 வருடத்துக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்தது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும்.

அக்கா மகனுக்கு இன்னும் வழி இருக்கிறது. ஒரு ரூமின் மூலையில் கான்கிரீட்டை உடைத்துக் குழி தோண்டச் சொல்லியிருக்கிறேன். அவன் மனை கறுப்புக் களிமண், கொட்டியது செம்மண் கிராவல். நிறம் எங்கே மாறுகிறதோ அங்கே டேப்பைப் பிடித்தால் ஆயிற்று. எனக்கு இது தோன்றியபோது டைல்ஸே ஒட்டி முடித்திருந்தார்கள்.